எல்.டி.சி. பெரியப்பா

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம். 2024இல் ஊரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். போகிறவர்கள் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான். அந்த விமானத்தில் தேனிலவு ஜோடிகளைக் கழித்துவிட்டு மிச்சம் இருப்பவர்களைப் பாருங்கள். ஜிப் வைத்த ஃபைல் ஒன்றை மார்போடு அணைத்தபடி, "எல்லார் போர்டிங் பாஸும் எங்கிட்ட வந்துடணும்" என்று வசூல் செய்துகொண்டு ஒருவர் நிற்பார். ஓய்வு பெற இன்னும் இரண்டு மூன்று வருஷம் இருக்கிற வயது. கடை மடிப்புக் கலையாத பூப்போட்ட சட்டை. சட்டைப் பையில் ஒரு நீலப் பேனா, ஒரு சிவப்புப் பேனா. அவர்தான் எல்.டி.சி. பெரியப்பா.

மத்திய அரசு ஊழியர் இருக்கிற எந்தக் குடும்பத்திலும் இவருக்கு ஒரு பிரதி உண்டு. எல்.டி.சி. என்றால் விடுப்புப் பயணச் சலுகை. நான்கு வருஷத்தை ஒரு பிளாக் என்று கட்டி, அதற்குள் ஊர் சுற்றிவிட்டு வந்தால் போக்குவரத்துச் செலவை அரசு தரும். அந்தமான், காஷ்மீர், வடகிழக்கு என்றால் கூடுதல் கரிசனம்: விமானத்தில் போகத் தகுதியில்லாத கிரேடுக்காரரும் விமானம் ஏறலாம். நம்மவர்கள் வங்காள விரிகுடாவைத் தாண்டியது சோழர் காலத்துக்குப் பிறகு இந்தச் சுற்றறிக்கையால்தான். தவிர, எல்.டி.சி. போகும்போது சேர்த்து வைத்த ஈட்டிய விடுப்பில் பத்து நாளை அரசிடமே விற்றுக் காசாக்கிக்கொள்ளலாம். ஓய்வை விற்று அந்தப் பணத்தில் ஓய்வெடுக்கப் போகிற வித்தை வேறு எந்த நாட்டில் இருக்கிறதோ, தெரியவில்லை.

எங்கள் வீட்டுப் பிரதி, 2022-25 பிளாக் காலாவதியாகப் போகிற டிசம்பரில் கிளம்பியது. பெரியப்பா, பெரியம்மா இருவருக்கும் அரசுச் செலவு. கல்யாணமான மகள் கணக்கில் வர மாட்டாள் என்பதால் அக்காவும் மாப்பிள்ளையும் பேத்தியும் சொந்தச் செலவு. நான் பெட்டி தூக்க.

"அஞ்சாறு நாள் ஒரு வேலையும் இல்லாம ரிலாக்ஸா இருந்துட்டு வரணும்டா. அவ்வளவுதான்" என்று சொல்லியே அழைத்துப் போனார். ஏறி உட்கார்ந்ததும் லாமினேட் செய்த ஏ4 தாள் ஒன்றை ஆளுக்கொன்று கொடுத்தார். அதில் ரிலாக்ஸ் இருக்கத்தான் செய்தது. மூன்றாம் நாள், 2.30 முதல் 3.10 வரை. அடைப்புக்குறிக்குள் 'தேவைப்பட்டால்'.

செல்லுலார் சிறையைப் பற்றி இந்த மாதிரிக் கட்டுரையில் எழுதுவது சரியாகாது. அங்கே பெரியப்பாவும் தாளை மடித்து உள்ளே வைத்துவிட்டார். விட்டுப்போன நேரத்தை ஈடுகட்ட, மறுநாள் எங்களை எழுப்பியது விடியற்காலை மூன்று மணிக்கு.

பாராடாங் போகிற சாலை ஜாரவா பழங்குடியினரின் காட்டுக்குள் போகிறது. ஜிர்காடாங் செக்போஸ்டில் வண்டிகளை நிறுத்தி, நேரம் வைத்து, போலீஸ் பாதுகாப்புடன் வரிசையாகத்தான் விடுவார்கள். முதல் வரிசையில் இடம் பிடிக்க ஊரே தூக்கக் கலக்கத்தோடு வந்து நிற்கிறது. சுண்ணாம்புக் குகை பார்க்கப் போகிறோம் என்று எல்லாரும் சொல்கிறார்கள்; ஜன்னல் பக்கம் உட்கார ஏன் அத்தனை போட்டி என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. இந்த இடத்தில் பெரியப்பாவை மெச்ச வேண்டும். படம் எடுக்கக் கூடாது என்று பலகையில் இருந்ததா, வேனில் இருந்த அத்தனை பேருடைய செல்போனையும் வாங்கித் தன் ஃபைலுக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார். அதில் இரண்டு போன் எங்கள் குடும்பத்துடையதே இல்லை, கூட வந்த பெங்காலி தம்பதியுடையது. அவர்களும் மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள். அரசாங்கக் குரலுக்கு மொழி தேவையில்லை.

அப்புறம் ஹேவ்லாக். 2018இல் இருந்து ஸ்வராஜ் தீப். அங்கே ராதாநகர் கடற்கரையை ஆசியாவிலேயே அழகானது என்று 2004இல் டைம் பத்திரிகை எழுதிவிட்டது. அதற்குப் பிறகு அங்கே சூரிய அஸ்தமனம் பார்க்காமல் திரும்பினால் போன கணக்கே இல்லை. பெரியப்பா தாளில் அஸ்தமனம் 5.45 என்று இருந்தது. வீட்டுத் தினசரி காலண்டரைப் பார்த்துப் போட்டது. நாங்கள் ஐந்தேகாலுக்கு, அரை மணி முன்னதாகவே, பெருமையாகப் போய் இறங்கினோம். எதிரே கூட்டம் மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தது.

"என்னப்பா, ஆச்சா?"

"அப்பவே ஆச்சு சார்."

விஷயம் எளிது. இந்தியா முழுவதற்கும் 82½ பாகை தீர்க்கரேகையின் நேரம்தான் கடிகாரம். சென்னை அதற்குக் கொஞ்சம் மேற்கே, ஹேவ்லாக் பத்து பாகைக்கும் மேல் கிழக்கே. ஒரு பாகைக்கு நான்கு நிமிஷம் என்று போட்டால், சென்னையில் சூரியன் மறைவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே இங்கே கதை முடிந்துவிடும். மாப்பிள்ளை இதை மணலில் படம் போட்டு விளக்கினார். பெரியப்பா பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி மாப்ளே. முன்கூட்டியே தெரியப்படுத்தியிருக்கணுமா இல்லையா?" என்றார். சூரியனிடம் விளக்கம் கேட்டு மெமோ கொடுக்க முடியாத கோபத்தில், மறுநாள் உதயத்துக்கு எங்களைக் காலாபத்தர் கடற்கரையில் நாலரை மணிக்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டார். கொசுவும் நாங்களும் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம்.

ஸ்கூபாதான் உச்சம். நீச்சல் தெரியாதவரும் போகலாம். பயிற்சியாளர் சிலிண்டரைப் பிடித்தபடி கூடவே வருவார். ஆனால் முதலில் ஒரு மருத்துவப் படிவம் நிரப்ப வேண்டும். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டுவிட்டுக் கடலுக்கு ஓடினார்கள். பெரியப்பா உட்கார்ந்தார். முப்பது வருஷமாகப் படிவத்தோடு புழங்கிய கை. கறுப்பு மையில் நிரப்பவா நீல மையிலா என்று கேட்டுக்கொண்டு ஆரம்பித்தார். ரத்த அழுத்தம் என்ற இடத்தில் 'உண்டு' போட்டு, மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், காலையா இரவா என்பதையும் ஓரத்தில் எழுதினார். அப்படியானால் டாக்டர் சான்றிதழ் இல்லாமல் இறக்க முடியாதே என்று கடைப் பையன் உதட்டைப் பிதுக்கினான். ஜிப் திறந்தது. அசல் ஒன்று, நகல் இரண்டு.

தண்ணீருக்குள் பேச முடியாது, எல்லாம் கைஜாடை. கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்தால் 'நான் நலம்'. கட்டை விரலை உயர்த்தினால் 'மேலே கூட்டிப்போ'. இதைக் கரையில் இந்தியில் சொல்லிக்கொடுத்தபோது பெரியப்பா ஜி.எஸ்.டி. ரசீது கேட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளே போனார். கடல் சாமந்திக்குள்ளிருந்து ஒரு கோமாளி மீன் எட்டிப் பார்த்தது. ஆனந்தம் தாங்காமல் கட்டை விரலை உயர்த்தினார். பயிற்சியாளர் பதறி மேலே கொண்டுவந்தார். "என்ன சார் ஆச்சு?" "ஒண்ணும் ஆகலியே, சூப்பரா இருக்கு!" மறுபடி மூக்கைப் பிடித்து, காதடைப்பு எடுத்து, மெல்ல மெல்ல இறக்கினார்கள். இந்த முறை கிளி மீன். மறுபடி கட்டை விரல். மறுபடி மேலே. மூன்றாவது தடவை கீழே எதைப் பார்த்தார் என்று தெரியாது. அதுவும் சூப்பராகத்தான் இருந்திருக்கிறது. கொடுத்த அரை மணி நேரத்தில் பெரும்பகுதியை அவர் நடுவழியில் கழித்தார். "லிஃப்ட் வசதி நல்லா இருக்கு. ஆனா எந்த மாடியிலயும் நிக்க மாட்டேங்கறான்" என்று பெரியம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

பெரியம்மாவைச் சொல்லவே இல்லையே. அவர் கடைசி வரை எதிலும் இறங்கவில்லை. போன இடத்தில் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தேடிப் பிடித்து, நிழலில் போட்டு, புடவைத் தலைப்பால் முதுகை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். "ஏங்க, நீங்க போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்பார். முதல் இளநீர் முடியும்போது இரண்டாவது வந்துவிடும். மூன்றாம் நாள் 2.30க்கு அவர் அப்படி உட்கார்ந்திருந்தபோது பெரியப்பா வந்து, எல்லாரும் ரிலாக்ஸாக இருக்கிறோமா என்று ஆள் ஆளாகச் சரிபார்த்துத் தாளில் டிக் போட்டார். 3.05க்கு, "இன்னும் அஞ்சு நிமிஷம்தான்" என்று ஒரு நினைவூட்டல்.

நீல் தீவில்தான் கை நழுவியது. பாறைப் பாலம் போகப் பதினொன்று என்று தாளில் இருந்தது. அங்கே நீர் வற்றும் நேரத்தில்தான் நடந்து போக முடியும். அந்த நேரமோ நாளுக்கு ஐம்பது நிமிஷம் போலத் தள்ளிக்கொண்டே போகிறது. சூரியனுக்கு அடுத்து நிலாவும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. முதன்முறையாகக் கையில் ஒன்றரை மணி நேரம் காலியாக இருந்தது. பரத்பூர் கடற்கரையில் என்ன செய்வதென்று தெரியாமல் பெரியப்பா குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பேத்தி செத்த பவளமும் சிப்பியும் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "கீழ போடு. தீவை விட்டு எடுத்துட்டுப் போகக் கூடாது, ஏர்போர்ட்ல பிடிப்பான்" என்று அதட்டிப் பிடுங்கிப் போட்டார். விதி அப்படித்தான், அவர் சொன்னது சரி. ஆனால் விளையாட வேறு ஏதாவது கொடுத்துவிட்டு அதட்டியிருக்கலாம்.

ஃபைல் பெரியம்மாவின் நாற்காலிக்கடியில் இருந்தது. பேத்தி பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் காகிதக் கப்பல் கற்றிருந்தாள்.

கப்பல் நன்றாகத்தான் மிதந்தது. அது பெரியப்பா வந்த விமானத்தின் போர்டிங் பாஸ் என்று அக்கா கவனித்தபோது பத்தடி தள்ளிப் போயிருந்தது. சிலிண்டர் இல்லை, பயிற்சியாளர் இல்லை, படிவம் இல்லை. பேன்ட்டும் சட்டையுமாக மனுஷர் பாய்ந்தார் பாருங்கள்! இடுப்பளவுத் தண்ணீரில் கையை வீசி வீசிப் போய் அமுக்கிப் பிடித்து, தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். கரையில் யாரோ கைதட்டினார்கள்.

போர்ட் பிளேர் திரும்பியதும் ஓட்டலில் அதை உலர்த்துகிற வேலை. இஸ்திரி போட்டால் சுருக்கமும் போய்விடும் என்பது பெரியப்பாவின் யோசனை. மாப்பிள்ளை ஒரு நிறுவனத்தில் பிரிண்டர் பிரிவில் இருக்கிறார். சூடு பட்டால் கறுக்கிற தாளில்தான் அதையெல்லாம் அச்சடிக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது. ஆனாலும் ஒரு வார்த்தை பேசாமல் ரிசப்ஷனுக்குப் போய் இஸ்திரிப் பெட்டியை வாங்கி வந்தவர் அவர்தான். பிளக்கைச் செருகியவரும் அவர்தான்.

அபர்தீன் பஜாரில் ஜெராக்ஸ் கடைக்காரர் தமிழர். கரிக்கட்டையாக இருந்த அந்தச் சீட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"சார், இதுல எதை சார் காப்பி எடுக்கறது?"

"இருக்கறதை எடுப்பா" என்றார் பெரியப்பா. "மூணு."