எல்லா வீட்டுக்கும் பக்கத்தில் ரயில்

ஜொகூரில் அப்பாவின் வீட்டை விற்கக் கிளம்பினால் புவியியலே மாறிவிடுகிறது. ஆர்டிஎஸ் ரயில் பாதை புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் வரை 4 கிலோமீட்டர்தான். ஏஜெண்டு விளம்பரத்தில் அது கூலாய் வரைக்கும் தாமான் தாமானாக நுழைந்து போகிறது. எந்த வீட்டிலிருந்தும் "அஞ்சே நிமிஷம்". நள்ளிரவில், ஹெலிகாப்டரில் போனால் சரிதான்.

"சாமி மேடைய எடுத்துட்டு வெள்ளையடிச்சிருங்கண்ணே, வாங்குறவங்க யாரோ எவரோ" என்கிறார் ஏஜெண்டு. அம்மா நாற்பது வருஷம் சாம்பிராணி காட்டிய சுவரில், மூன்று பூச்சு பூசியும் கறை எட்டிப் பார்க்கிறது. ஏஜெண்டின் போட்டோவில் மட்டும் சுவர் பளிச். கூடம் கால்பந்துத் திடல். விலையைப் பற்றி அண்ணன் தம்பிகளுக்குள் நடப்பதைச் சொல்லி மாளாது.

இனிக்கப் பேசுகிற ஏஜெண்டிடம் முதலில் ஆர்இஎன் எண்ணை, அதாவது அவருடைய பதிவு எண்ணைக் கேளுங்கள். அது மதிப்பீட்டாளர் வாரியத்தின் பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள். கமிஷனுக்கு உச்சவரம்பு, விற்ற விலையில் 3 விழுக்காடு.