தூக்குவாளியும் தோசைமாவும்: வீட்டில் பீரின் புதுமை காத்தல் குறித்து ஓர் ஆய்வு

தமிழில் பீர் குறித்து இதுவரை முழுமையான ஆய்வு எதுவும் நிகழவில்லை. (இந்த வாக்கியத்தை நான் தேடிப் பார்த்து எழுதவில்லை. ஆய்வேட்டின் முதல் வாக்கியத்தை யாரும் தேடிப் பார்த்து எழுதுவதில்லை.) அக்குறையைக் களையும் சிறு முயற்சியே இக்கட்டுரை.

ஆய்வுக் களம், பெங்களூரில் ஒரு வாடகை வீட்டின் இரண்டாம் தளம். காலம், 2020 மே, ஜூன். ஆய்வாளர், நான். நெறியாளர், நானே. ஊரடங்கில் எங்கள் வீட்டில் மாட்டிக்கொண்ட மைத்துனர் புறநிலைத் தேர்வாளர்.

கருதுகோள்: வாங்கிய அன்று இருக்கும் கிராஃப்ட் பீரும் வைத்திருந்து குடிக்கும் கிராஃப்ட் பீரும் ஒன்றல்ல. எதிர்க் கருதுகோள்: “வைக்கிற அளவுக்கு எப்ப மிஞ்சியிருக்கு?” (மனைவி, வாய்மொழி, சமையலறை, காலை 7.10).

சொல்லாராய்ச்சி

‘பீர்’ என்ற சொல் லத்தீனில் ‘குடி’ எனும் பொருள்படும் வினையிலிருந்து வந்தது என்பர் ஐரோப்பியருள் ஒரு சாரார். வாற்கோதுமையைக் குறிக்கும் பழைய ஜெர்மானியச் சொல்லிலிருந்து வந்தது என்பர் மற்றொரு சாரார். அவர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. அவர்கள் முடிவுக்கு வராத இடமெல்லாம் நமக்குச் சொந்தம் என்பதுதான் நம் வேர்ச்சொல் ஆய்வின் முதல் விதி.

மூடி திறந்ததும் பீறிட்டு வருவதால் அது ‘பீறு’. பீறு, பீர் ஆயிற்று. வல்லின றகரம் இடையின ரகரமாகத் திரிந்தது எவ்வாறு எனில், இரண்டாவது குவளைக்குப் பிறகு பேசுவோர் வாயில் எல்லா றகரமும் ரகரமே. இதை நான் களத்தில் பலமுறை கேட்டிருக்கிறேன். என் வாயாலேயே கேட்டிருக்கிறேன். இனி மறுப்பவர் தமிழ்ப் பகைவர்.

பீர்க்கங்காயிலிருந்து வந்தது என்போரை இங்கே பொருட்படுத்தவில்லை.

இலக்கியச் சான்று

பெரும்பாணாற்றுப்படையில் வீட்டிலேயே ஆக்கிய தோப்பி வருகிறது. தோப்பி என்பது நெல்லால் சமைத்த கள் என்பது பழைய உரை. தானியத்தை நொதிக்கவிட்டு வீட்டில் ஆக்கிக் குடித்தார்கள் என்றால், அது கைவினை பீர் அன்றி வேறென்ன? ஆகவே மைக்ரோப்ரூவரி சங்க காலத்தது. நிறுவப்பட்டது.

ஆனால் ஒரு சிக்கல். புறநானூற்றில் ஔவையார் நாள்பட்ட தேறலைத் தேள் கொட்டும் கடுப்போடு ஒப்பிட்டுப் போற்றுகிறார். நானோ புதுமையே சிறப்பு என்று நிறுவக் கிளம்பியவன். இத்தகைய நெருக்கடியில் ஆய்வாளருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பாடபேதம் என்பது. மற்றொன்று, இடைச்செருகல் என்பது. இரண்டுக்கும் மனம் வராமல் மூன்றாவதாக உண்மையைத் தேடிப் பார்த்தேன். இது துறை மரபுக்கு மாறானது, மன்னிக்கவும்.

எல்லா பீரும் ஒரே சாதி அல்ல. போதை மிகுந்த இம்பீரியல் ஸ்டவுட், பார்லி ஒயின் முதலியவை வருடக்கணக்கில் கிடந்து முதிரும். ஔவையாரின் தேறல் இந்த வகை. ஹாப்ஸ் பூவின் மணத்தை நம்பி வாழும் ஐபிஏவோ சில வாரங்களில் மணம் இழந்து வெறும் கசப்பாக மிஞ்சும். அந்த ஐபிஏவின் முதல் எழுத்து இந்தியா. இங்கிருந்த வெள்ளைக்காரர்களுக்காக மாதக்கணக்கில் கப்பலில் வந்து சேர்ந்த பீரின் பெயர் அது. அதன் இன்றைய வாரிசு இந்தியக் கோடையில் ஒரு வாரம் சமையல் மேடையில் தாங்குவதில்லை. பெயர்க்காரணம் ஆராய்வோர் கவனிக்க.

பகை மூன்று

முதல் பகை ஒளி. வெயில் பட்ட பீர் நாறும் என்று ஜெர்மானியரான கார்ல் லின்ட்னர் 1875இலேயே எழுதிவிட்டார். ஹாப்ஸின் கசப்புப் பொருள் ஒளியில் உடைந்து, கந்தகம் கலந்த ஒரு சேர்மமாகிறது. லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். ஆங்கிலேயர் இதை ‘ஸ்கங்க்’ எனும் அமெரிக்க விலங்கின் பெயரால் அழைப்பர். அவ்விலங்கை முகர்ந்த தமிழர் அரியர் என்பதால் கலைச்சொல் ஆக்க முற்பட்டேன். ‘நாற்றப் பீர்’ பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பழந்தமிழில் நாற்றம் என்றால் நறுமணமும்தான். அந்தக் காலத்துப் புலவர் ஒருவர் என் ‘நாற்றப் பீரை’ ஆவலோடு வாங்கிக் குடித்துவிடும் அபாயம் இருப்பதால் கைவிட்டேன்.

இரண்டாம் பகை வெப்பம். வடிப்போர் வாய்பாடு ஒன்று வைத்திருக்கிறார்கள்: 32 டிகிரியில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள், மூன்றிலும் பீர் ஏறக்குறைய ஒரே அளவு கெடும். தோராயக் கணக்குதான், ஆனால் மே மாதச் சென்னைக்கு எந்தக் கணக்கும் போட வேண்டியதில்லை.

மூன்றாம் பகை காற்று, அதாவது அதிலுள்ள ஆக்சிஜன். நல்ல ஆலைகள் அடைத்த பீரில் நூறு கோடியில் 50 பங்குக்கு மேல் ஆக்சிஜன் இருக்கக் கூடாது என்று கவலைப்படும். மிஞ்சினால் நாளடைவில் நனைந்த அட்டைப்பெட்டியின் வாசம் வரும். இதைப் பின்னால் என் புறநிலைத் தேர்வாளர் உறுதிப்படுத்துவார்.

கலவியல்

பாட்டில்: பழுப்பு நிறம் ஒளியைத் தடுக்கும், பச்சை அரைகுறை, வெள்ளைக் கண்ணாடி சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். படுக்கவைக்காமல் நிறுத்தி வைக்க.

கேன்: ஒளி புகாது, காற்று புகாது, 1935 முதல் கடைகளில் உண்டு. ‘கேன் வந்துடுச்சு’ என்றால் நம் வீடுகளில் 20 லிட்டர் தண்ணீர் என்று பொருள்படுவதால், இச்சொல்லைப் பயன்படுத்தும்போது தெளிவு தேவை. மைத்துனர் ஒருமுறை ஏமாந்தார்.

தூக்குவாளி: இங்கே சற்று நிற்போம்.

அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மாலையானால் தகர வாளியைத் தூக்கிக்கொண்டு முக்குக் கடைக்குப் போய் பீர் வாங்கி வருவார்கள். சிறுவர்களையும் அனுப்புவார்கள். அந்த வாளிக்கு ‘க்ரௌலர்’ என்று பெயர். உள்ளிருந்து கரியமில வாயு மூடியை முட்டித் தள்ளும்போது எழும் உறுமலால் வந்த பெயர் என்பது ஒரு கதை. 1989இல் வயோமிங் மாநிலத்தில் ஓட்டோ சகோதரர்கள் அந்த வாளியைக் கண்ணாடிக் குப்பியாக மீட்டெடுத்தனர். இன்று 64 அவுன்ஸ், அதாவது 1.9 லிட்டர் கொள்ளும் க்ரௌலருக்கே எங்கும் செல்வாக்கு.

இதில் கண்ணாடி இடைக்கால விலகல். தகரமே மூலம். கைப்பிடி உண்டு, மூடி உண்டு, உலோகம் உண்டு, உணவு வாங்கிவர வீட்டுப் பிள்ளையை விரட்டும் வழக்கமும் உண்டு. இவ்வளவு அடையாளங்களையும் ஒருங்கே உடைய பாத்திரம் உலகில் ஒன்றே. ஓட்டலுக்குச் சாம்பார் வாங்க என்னை விரட்டிய அதே தூக்குவாளி. இது எப்போது எந்தத் துறைமுகத்தின் வழியாக அமெரிக்கா சென்றது என்பதற்குச் சான்று இல்லை. சான்று இல்லாமையே அது மிகப் பழங்காலத்தில் சென்றது என்பதற்குச் சான்று. இம்முறையியல் என் கண்டுபிடிப்பு அன்று. நான் உட்கார்ந்திருந்த எத்தனையோ கருத்தரங்குகளில், கட்டுரைக்கு ஐந்து நிமிடமும் பொன்னாடைக்கு நாற்பது நிமிடமுமாகக் கற்றுக்கொண்டது.

வரலாறும் என் பக்கம் நின்றது. ஊரடங்கில் மைக்ரோப்ரூவரிகளின் தொட்டிகளில் பீர் தேங்கிக் கெடும் நிலை வந்தபோது, அதை வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கர்நாடக அரசு அனுமதித்தது. ஆளுக்கு 2 லிட்டர் வரை. கலம் கண்ணாடி, பீங்கான் அல்லது எவர்சில்வர். எவர்சில்வர்! அரசாணையில் தூக்குவாளி என்று எழுதாதது கன்னடத்தின் பெருந்தன்மைக் குறைவு. மனைவியின் சீர்வரிசையில் வந்த இரட்டைத் தூக்குவாளிகளில் ஒன்றோடு வரிசையில் நின்றேன். குழாயடியில் இருந்த பையன் சிரிக்கவில்லை. “ஸ்டீல்தானே சார், ஓகே” என்றான். அறிவியல் மனப்பான்மை.

நடுநிலை கருதிச் சொல்கிறேன்: தூக்குவாளியின் மூடி அழுத்தம் தாங்காது. க்ரௌலர் என்றால் திருகுமூடி வேண்டும், கழுத்துவரை நிறைத்திருக்க வேண்டும், இரண்டு மூன்று நாளில் தீர்க்க வேண்டும், திறந்தால் அன்றே முடிக்க வேண்டும். எங்கள் வாளியோ முதல் இரவே பன்னிரண்டரை மணிக்கு ‘டப்’ என்றது. அந்த உறுமலை நேரில் கேட்டவன் நான். “ஏங்க, ஃபிரிட்ஜுக்குள்ள எலியா?” (மனைவி, படுக்கையறை, விளக்கணைத்த நிலையில்).

இரண்டாம் தட்டுச் சிக்கல்

ஃபிரிட்ஜின் கதவில் பீரை வைப்பது பாமரர் வழக்கம். திறக்கும்போதெல்லாம் வெளிச்சூடு முதலில் தாக்குவது கதவைத்தான். உள்ளே, பின்பக்கமாக, சில்லென்ற மூலையே பீருக்குரிய இடம். அந்த மூலையில் தோசைமாவு இருக்கிறது.

இது இடத்தகராறு மட்டும் அன்று, தத்துவத் தகராறு. இரண்டும் நொதித்தவை. அமிலத்தன்மையிலும் இரண்டும் அக்கம்பக்கம். பீர் 4க்கும் 4.5க்கும் இடையில், புளித்த மாவு அதையொட்டி. அதை அளக்கும் பிஹெச் அளவுகோலை 1909இல் உருவாக்கிய சோரன்சன் வேலை பார்த்ததே கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலை ஆய்வகத்தில். பவேரியாவில் 1516இல் போட்ட சட்டம் பீருக்குத் தண்ணீர், வாற்கோதுமை, ஹாப்ஸ் மட்டும் போதும் என்றது. ஈஸ்ட்டைச் சொல்லவே இல்லை. என் அம்மாவின் இட்லிக் குறிப்பிலும் அரிசி, உளுந்து, உப்பு மட்டும்தான். எது பொங்கவைக்கிறது என்று கேட்டால் “கையால கரைக்கணும்டா” என்பாள்.

வேறுபாடு ஒன்றே. மாவுக்குப் பாத்திரத்தில் பாதி காலியாக வேண்டும், எழும்பி வர. பீருக்கு விரற்கடை வெற்றிடமும் ஆகாது. எனவே பெரிய பாத்திரம் மாவுக்கு, மூலை பீருக்கு என்று சமரசம் முன்மொழிந்தேன். கிடைத்த எதிர்வினைகளைக் கால வரிசையில் தருகிறேன். “மாவை நகத்தாதீங்க” (மனைவி, சமையலறை). “மாவை யாரு நகத்துனது?” (மேலவர், மேலது, குரல் உயர்த்திய இரண்டாம் பதிப்பு). சொற்கள் இன்றி, கரண்டி ஓசை மட்டும் (மேலவர், மூன்றாம் பதிப்பு, பெரிதும் விரிவாக்கப்பட்டது). “மாப்ளே, மாவு புளிச்சா ஊத்தப்பம் ஊத்திக்கலாம். உங்க சமாச்சாரம் புளிச்சா என்ன ஊத்துவீங்க?” (மாமியார், தொலைபேசிப் பேருரை, ஒலிபெருக்கி வழியே, மகள் தொகுத்தது, முன்னுரை நீங்கலாக). கடைசியாகக் காட்டிய மேற்கோளுக்கு இதுவரை யாரும் மறுப்பெழுதவில்லை.

பீர் காய்கறித் தட்டுக்குப் போனது.

சோதனை

மூன்று மாதிரிகள். அ: அன்று காலை வாங்கி மதியம் திறந்த கேன். ஆ: இரண்டு மாதமாகச் சமையல் மேடையில் கிடந்த கேன். இ: காய்கறித் தட்டில் ஐந்து நாள் இருந்த தூக்குவாளி. கண்ணைக் கட்டி, ஒரே வகைக் குவளையில் கொடுக்கப்பட்டன.

மூன்றே மாதிரியா என்று கேட்பவர்களுக்கு: சிறு மாதிரிகளை வைத்து முடிவு சொல்லும் கணக்கை உலகுக்குத் தந்ததே ஒரு பீர்க்காரர். கின்னஸ் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட். ஊழியர் சொந்தப் பெயரில் எழுதக் கூடாது என்பதால் 1908இல் அதை ‘மாணவர்’ என்ற புனைபெயரில் வெளியிட்டார். தேர்ந்த நிபுணர் மாணவர் பெயரில் எழுதியது அங்கே. மாணவர் எழுதியது நெறியாளர் பெயரில் வருவது எங்கே என்று நான் சொல்லப்போவதில்லை. எனக்கு இன்னும் சில கருத்தரங்குகளுக்கு அழைப்பு வர வேண்டியிருக்கிறது.

முடிவுகள். மாதிரி அ: “சூப்பர் மாமா. பழவாசன தூக்குது.” மாதிரி ஆ: “அட்டப்பெட்டிய ஊறவச்ச தண்ணி மாதிரி இருக்கு.” மாதிரி இ: நீண்ட மௌனம். பிறகு, “மாமா, இது மோரு.”

இதை உருவகமாகவே முதலில் கொண்டேன். சுவைஞர் மொழி அப்படித்தான் இருக்கும். ‘வெண்ணிறம், மிதமான புளிப்பு, பின்சுவையில் பெருங்காயமும் கறிவேப்பிலையும், ஆக்சிஜனேற்றத்தின் உச்சநிலை’ என்று குறிப்பேட்டில் எழுதியும் விட்டேன். ஆய்வேட்டில் இதற்குத் தனி இயலே ஒதுக்குவதாக இருந்தேன்.

மறுநாள் கீழ்வீட்டுப் பெரியவர் எங்கள் இரட்டைத் தூக்குவாளியில் மற்றொன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்பதால் உள்ளே பிசிபேளேபாத் இருந்தது. வயிற்றுக் கடுப்பு என்று அவர் வீட்டில் சொன்னார்கள் என்பதற்காக என் மனைவி இரண்டு நாள் முன்பு மோர் கொடுத்தனுப்பியிருக்கிறாள். எந்த வாளி என்று பார்க்கவில்லை.

மனைவி உள்ளே போனதும் பெரியவர் குரலைத் தாழ்த்தினார்.

“மோர் ரொம்ப நல்லாயிருந்தது சார். அடுத்த தடவ மூடிய மட்டும் கொஞ்சம் டைட்டா போட்டுக் குடுங்க. நுரை அடங்கிப்போச்சு.”