வாழும் வாக்கேயகாரர்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஒருவரைச் சாஸ்திரீய சங்கீதத்தின் வாக்கேயகாரர் என்று ஏற்றுக்கொள்ள வேண்டுமானால், அவர் முதலில் காலமாகியிருக்க வேண்டும். சியாமா சாஸ்திரி 1827-இலும், முத்துசுவாமி தீட்சிதர் 1835-இலும், தியாகராஜர் 1847-இலும் இந்தத் தகுதியைப் பெற்றார்கள். மூச்சு விட்டுக்கொண்டே மெட்டுப் போடுகிறவரை மியூசிக் டைரக்டர் என்று சொல்லி சினிமாப் பக்கம் அனுப்பிவிடுவது வழக்கம்.

ராஜபாளையத்துக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு. ராஜுக்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். மற்ற ஊர்களில் சபை மெய்மறந்து தலையாட்டும் இடத்தில், தியாகராஜர் ராமனோடு சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறார் என்பது இவர்களுக்குப் புரிந்துவிடும். புரிந்தும் தலையாட்டுவார்கள், அது சபை நாகரிகம்.

மும்மூர்த்திகளில் இந்த வட்டாரத்துக்குப் பக்கத்தில் இருப்பவர் தீட்சிதர். அவருடைய சமாதி எட்டயபுரத்தில் இருக்கிறது. தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் அந்த சமஸ்தானத்தின் ஆஸ்தான வித்வான். வெள்ளைக்காரர்களின் வயலினைக் கற்றுக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர். அண்ணனும் சளைத்தவரல்ல. கும்பினிக்காரர்களின் பேண்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சம்ஸ்கிருத சாகித்தியம் எழுதிவைத்தார். பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டிலேயே அம்பாளைத் துதிக்கிற 'சந்ததம் பாஹிமாம்' அவற்றில் ஒன்று. இன்று ஓர் இளைஞர் இதைச் செய்தால் அதற்கு ஃப்யூஷன் என்று பெயர், முகம் சுளிப்பார்கள். தீட்சிதர் செய்ததற்கு நோட்டுஸ்வரம் என்று பெயர், கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு சமாதி.

ஸ்ரீவில்லிபுத்தூரில் விவகாரம் இன்னும் சிக்கல். மார்கழி விடியற்காலையில் ஒலிபெருக்கியில் வரும் திருப்பாவையை, மெட்டு உட்பட ஆண்டாளே அருளியதாக நினைப்பவர்கள் ஏராளம். முப்பது பாசுரங்களுக்கும் ராகம் அமைத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், 1967 வரை வாழ்ந்தவர். முதல் பாசுரத்துக்கு அவர் நாட்டையைத் தேர்ந்தெடுத்தார், எம்.எல்.வசந்தகுமாரியின் குரல் அதை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆக, ஆயிரம் வருஷத்துப் பழைய இசை என்று போர்வைக்குள் படுத்தபடி கேட்கப்படுவது, தாத்தா காலத்துப் புதுப்பாட்டுதான். நிஜமாகவே பழையது கோயிலுக்குள் இருக்கிறது: குல்லாய் அணிந்த அரையர் கையில் தாளத்தோடு பாசுரத்தைப் பாடி அபிநயித்து விளக்கும் அரையர் சேவை. தமிழ்நாட்டில் அது ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய மூன்று தலங்களில் தொடர்கிறது. அதைக் கேட்கப் போர்வையை விட்டு எழுந்து வரவேண்டும் என்பது ஒன்றுதான் அதன் குறை.

வாழும் இசையமைப்பாளர் ஒருவரே 2024 டிசம்பர் 15 அன்று ஆண்டாள் கோயிலுக்கு வந்தார். ஆடிப்பூரக் கொட்டகையில் இளையராஜாவின் 'திவ்ய பாசுரம்' நிகழ்ச்சி. ஆழ்வார்களின் பாசுரங்களுக்கு அவர் புதிதாக அமைத்த இசை, அதுவும் ஆண்டாளின் ஊரில். மறுநாள் நாடு முழுவதும் அலசப்பட்டது அவர் அர்த்த மண்டபத்தருகே எங்கே நின்றார், தள்ளி நிற்கச் சொன்னார்களா என்ற கேள்வி. எந்தப் பாசுரம் எந்த ராகத்தில் நின்றது என்று கேட்க ஆளில்லை. காலமான வாக்கேயகாரர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவர்கள் சட்டம் போட்ட படமாக நிற்பார்கள். தள்ளி நிற்கச் சொல்ல முடியாது.

அடுத்த மூன்று மாதத்துக்குள், 2025 மார்ச் 8 அன்று, லண்டன் ஈவென்டிம் அப்போலோ அரங்கில் ராயல் பில்ஹார்மானிக் இசைக்குழு அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனியை வாசித்தது. அதே குழு 1993-இலேயே அவருடைய சிம்பொனி ஒன்றை வாசித்துப் பதிவும் செய்திருக்கிறது. அந்தப் பதிவு வெளியாகவில்லை. தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக அவர் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பை வெளியிட்டது 1986-இல். அதில் வி.எஸ்.நரசிம்மனின் வயலினைக் கேட்டவர்கள் பலர், படம் எப்போது ரிலீஸ் என்றுதான் விசாரித்தார்கள். சிம்பொனி கேட்கப் பழகுகிறவர் கற்கவேண்டிய முதல் பாடம் சும்மா இருப்பது. 'வேலியன்ட்' நான்கு பகுதிகள் கொண்டது. ஒரு பகுதி முடிந்ததும் கைதட்டக்கூடாது என்பது அங்கத்திய சம்பிரதாயம். நிரவல் நடுவிலேயே 'பலே' போட்டுப் பழகிய கைக்கும் வாய்க்கும் இது கடும் விரதம்.

வெளிநாட்டில் வாழும் இசையமைப்பாளர்களில் ராஜபாளையத்துக்கு உறவு சொல்லத் தகுந்தவர் அமெரிக்கரான பிலிப் கிளாஸ். 1937-இல் பிறந்தவர். இளம் வயதில் பாரிஸில், ரவிசங்கரின் இசையை மேற்கத்திய வாத்தியக்காரர்களுக்காக நோட்டேஷனில் எழுதித்தரும் வேலை கிடைத்தது. தாளக்கணக்கில் சிக்கித் திணறியவர், அந்தக் கணக்கிலிருந்தே தமக்கென்று ஒரு பாணியைக் கண்டெடுத்தார். காந்தியின் தென்னாப்பிரிக்க வாழ்க்கையை வைத்து அவர் அமைத்த 'சத்யாகிரஹா' ஆபரா 1980-இல் ராட்டர்டாமில் அரங்கேறியது. பாட்டு முழுவதும் பகவத் கீதையின் சம்ஸ்கிருத வரிகள். கேட்கிறவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு சொல்லும் புரியாது என்பதால், சாஸ்திரீய இசைக்குரிய அடிப்படை லட்சணம் அமைந்துவிடுகிறது. சென்னை மாகாண முதல்வராக இருந்த பி.எஸ்.குமாரசாமி ராஜா, ராஜபாளையத்தில் இருந்த தம் வீட்டையே கலை வளர்க்கக் கொடுத்தார். அதுதான் காந்தி கலை மன்றம். காந்தியும் கலையும் சேர்ந்த இந்த ஆபராவுக்கு அதைவிடப் பொருத்தமான விலாசம் உலகத்தில் எங்கும் இல்லை. மேடையின் அளவுதான் உதைக்கும்.

இன்னோர் இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1992-இல் காலமானவர் என்றாலும் அவரை ஒதுக்க முடியாது, அவருடைய பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு முடியுமோ அவ்வளவு மெதுவாக வாசிக்கச் சொல்லி அவர் எழுதிவைத்த ஆர்கன் உருப்படி ஒன்றை, ஜெர்மனியின் ஹால்பர்ஸ்டாட் ஊரில் ஒரு பழைய தேவாலயத்தில் 2001-இல் தொடங்கினார்கள். எடுத்த எடுப்பிலேயே மௌனம். முதல் சத்தம் கேட்டது 2003 பிப்ரவரியில். முடிவது 2640-ஆம் ஆண்டு. ஆண்டாள் தேர் நிலைக்கு வர முன்பெல்லாம் நாள்கணக்கில் ஆகும் என்பதால், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களை இந்தக் காலப்பிரமாணம் அசைத்துவிடாது. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காபிக்கு எழுந்துபோகும் ரசிகர்களுக்கும் இது மிகவும் தோதான கச்சேரி. போய்ப் பேரன் பேத்தி எடுத்துவிட்டு வந்தாலும் பாட்டு பாக்கி இருக்கும்.