மச்சான் வேலை பார்க்காத தலைப்பு

வலைப்பூ தொடங்க ஒரு பைசா செலவில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே தமிழ்நாட்டில் இந்நேரம் பாதிப் பேர் எழுத்தாளர்களாகியிருக்க வேண்டும். கூகுள் கணக்கு ஒன்று இருந்தால் போதும். டீ ஆறுவதற்குள் பிளாக்கரில் பெயர் வைத்து, முகவரி வாங்கி, குடியேறிவிடலாம். 2003 வாக்கில் தமிழில் முதல் வலைப்பூக்கள் வந்தபோது இத்தனை சொகுசு கிடையாது. எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரியும். எ-கலப்பையை இறக்கி, தட்டுத் தடுமாறி எழுதினார்கள். எழுதியதை நாலு பேர் கண்ணில் காட்ட 2004-இல் காசி ஆறுமுகம் தமிழ்மணம் என்ற திரட்டியைத் தொடங்கினார். அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் முகநூலுக்குக் குடிபோய்விட்ட பிறகு, காலி வீட்டுக்குள் நான் நுழைந்திருக்கிறேன். சண்டை போடக்கூட அக்கம்பக்கத்தில் ஆளில்லை.

தொழில்நுட்ப ஆலோசகர் அக்கா பையன். "மாமா, மொதல்ல கன்டென்ட் காலண்டர் போடு. இன்னா எழுதப் போறன்னு முடிவு பண்ணிக்கினு அப்புறம் கடையைத் திற" என்றான். எல்லாவற்றையும் எழுதினால் யாரும் வரமாட்டார்களாம். ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ராணிப்பேட்டை! திங்கள் தோல், புதன் வரலாறு, வெள்ளி சாப்பாடு. கட்டம் போட்டு, கலர் பேனாவில் எழுதி, பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அங்கே ஒட்டியதால்தான் வீட்டுக்காரி படித்தாள்.

தோலைப் பற்றி நான் நிறைய எழுதுவேன். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் ஊறவைத்த காலம் போய், குரோம் உப்பு வந்த கதையை எழுதுவேன். பெரிய மர டிரம்முக்குள் உருண்டு புரண்டு வெளியே வரும் தோல் வெளிர் நீலமாக இருக்கும். வெட் ப்ளூ என்பார்கள். மடித்து அடுக்கி, மேலே பாலிதீன் போர்த்தி டெம்போவில் போகும்போது பின்கதவு இடுக்கில் சொட்டுகிற தண்ணீருக்கும் அதே நீலம். முத்துக்கடையில் இறங்குகிற வெளியூர்க்காரர் கைக்குட்டையைத் தேடுவார், உள்ளூர்க்காரர் "என்ன வாசனை?" என்று நிஜமாகவே கேட்பார். இதையெல்லாம் எழுதிவிட்டு, 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்கு வருவதாகத் திட்டம். வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் தொடுத்த வழக்கு அது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கைக்கு இந்தியா முழுவதும் சட்டக் கல்லூரியில் எங்கள் பாலாற்றைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் அன்று விதித்த அபராதம் 10,000 ரூபாய்.

"ஏங்க, எங்க அண்ணன் எங்க வேலை பார்க்கறாருன்னு ஞாபகம் இருக்கா?" என்றாள் அவள்.

மச்சான் சூப்பர்வைசர். பெரிய மனசுக்காரர். "தாராளமா எழுதுங்க மாப்ள" என்றார். "மொதலாளி பேரு மட்டும் வேணாம். கம்பெனி பேரும் வேணாம். ஊர்ப் பேரு போட்டா கண்டுபிடிச்சுடுவாங்க, அதுவும் வேணாம். பாலாறுன்னு எதுக்குப் போடறீங்க? ஒரு ஆறுன்னு போடுங்களேன்." ஒரு ஊரில் ஓர் ஆறு இருந்ததாம் என்று ஆரம்பித்தால் அது பாட்டி கதை. திங்கட்கிழமையை அடித்தேன். சிப்காட்டில் ஒரு குரோமேட் ஆலை மூடிய பிறகும் வருஷக்கணக்காகக் குவிந்து கிடந்த கழிவைப் பற்றி வைத்திருந்த தலைப்பும் அதோடு போயிற்று. இந்த ஊரில் எந்த காம்பவுண்டுச் சுவரைத் தட்டினாலும் யாராவது ஒரு மச்சான்தான் கேட்டைத் திறக்கிறார்.

வரலாற்றில் மச்சான் கிடையாது என்று நம்பினேன். செஞ்சி தேசிங்கு ராஜன் போரில் மாண்டதும் உடன்கட்டை ஏறிய ராணியின் நினைவாக, ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் உண்டாக்கிய ஊர் இது என்பார்கள். புருஷனைத் தோற்கடித்தவரே பெண்டாட்டி பேரில் ஊர் கட்டியிருக்கிறார். இந்த மனநிலையை அலசவே ஒரு மாதம் வேண்டும். அடுத்தது ரயில். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. இதைப் பெருமையாகச் சொன்ன அன்றே வாலாஜா நண்பர் கொதித்துவிட்டார்: "ஸ்டேஷன் பேரைப் படிச்சியா? அது எங்க ரயில். நீ உன் ராணியைப் பாரு."

சாப்பாட்டில் சிக்கல் வேறு மாதிரி. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். கோட்டையும் சிஎம்சியும் வேலூரிலேயே நின்றுவிட்டன. சீரகச் சம்பா, எண்ணெய்க் கத்தரிக்காய் சகிதம் ஆம்பூர் பிரியாணி திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. தோல் மட்டும் மூன்று பேருக்கும் பொது. பங்கு பிரித்தவர்களுக்கு எங்கள் மேல் என்ன கோபமோ! நல்லவேளை, ஆற்காடு எங்கள் பக்கம் வந்ததால் மக்கன் பேடா மிஞ்சியது. கோவாவும் மைதாவும் பிசைந்து, உள்ளே பருப்பு வகைகளை வைத்து, பொரித்துப் பாகில் போடுகிற பண்டம். வாயில் வைத்தால் மெல்ல வேண்டியதில்லை. அதைப் பற்றி எழுத, அதை நேரில் ஆராய வேண்டும். எனக்கு இருக்கும் சர்க்கரை அளவுக்கு அந்த ஆராய்ச்சியை டாக்டரும் வீட்டுக்காரியும் ஒரே குரலில் ரத்து செய்துவிட்டார்கள்.

இப்போது வலைப்பூ தயார். மேலே பாலாற்றுப் பாலத்தின் படம், பக்கவாட்டில் தேதி, கீழே வருகையாளர் எண்ணிக்கை. 'என்னைப் பற்றி' பகுதி மட்டும் மிக நீளமாக வந்திருக்கிறது, ஏனென்றால் அதை மட்டும்தான் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ராணிப்பேட்டை வட்டாரத்தில் எழுதத் தகுந்த விஷயம் எதுவானாலும் சொல்லியனுப்புங்கள். அங்கே என் மச்சான் வேலை பார்க்கக் கூடாது. சர்க்கரை சேர்ந்திருக்கக் கூடாது. வாலாஜாக்காரர்கள் சொந்தம் கொண்டாடக் கூடாது. திங்கட்கிழமைக்குள் வந்தால் உபகாரம். மற்ற கிழமைகளும் காலிதான், ஆனால் திங்கள்தான் முதலில் வருகிறது.