கிரைண்டர் வாங்கிய பின் வரும் கிரைண்டர் விளம்பரம்: ஒரு வினைக்கொள்கை ஆய்வு

ஒருவர் வெட் கிரைண்டர் வாங்குகிறார். மறுநாள் முதல் அவர் போனில் வெட் கிரைண்டர் விளம்பரம் வரத் தொடங்குகிறது. செய்தி படித்தால் இரண்டாம் பத்திக்கும் மூன்றாம் பத்திக்கும் நடுவில் கிரைண்டர். யூடியூபில் பாட்டு போட்டால் பல்லவிக்கு முன் கிரைண்டர். மைத்துனியின் வளைகாப்புப் படத்துக்கும் எதிர்வீட்டுக்காரரின் கொடைக்கானல் படத்துக்கும் இடையில், பூ வைக்காத குறையாக, கிரைண்டர். பார்க்கிறவர் மாவாட்டிக்கொண்டே பார்க்கிறார். இது ஏன் நேர்கிறது என்பதே ஆய்வுப்பொருள்.

சோப்பையோ பிஸ்கட்டையோ விடுத்துக் கிரைண்டரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சோப்பு கரையும், பிஸ்கட் தீரும்; மறுபடி வாங்கச் சொல்லி ஒருவர் நினைவூட்டினால் அது ஒத்தாசை. கிரைண்டர் அப்படிப்பட்டதல்ல. கல் தேய்ந்தால் கொத்திக்கொள்வார்கள், பெல்ட் அறுந்தால் மாற்றிக்கொள்வார்கள், வீட்டைவிட்டு அனுப்ப மாட்டார்கள். 2011-இல் தமிழக அரசு விலையில்லாமல் கொடுத்த கிரைண்டரை இன்னும் ஓட்டுகிறவர்கள் உண்டு. அப்படிப்பட்ட பொருளை வாங்கிய கையோடு இன்னொன்றையும் வாங்கச் சொல்வதில் ஏதோ ஒரு தத்துவம் இருந்தாக வேண்டும்.

முந்தையோர் கொள்கைகளில் தலையாயது ஒட்டுக்கேட்புவாதம். டீக்கடைகளிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும் இதற்கே செல்வாக்கு. “சும்மா பேச்சுக்குத்தான் சொன்னேன், அஞ்சு நிமிஷத்துல வந்துடுச்சு” என்பது இக்கொள்கையினர் காட்டும் ஒரே சான்று. ஆனால் எல்லோரிடமும் இருக்கிறது. அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்து, திருட்டுத்தனமாக மைக்கைத் திறந்து பேச்சைப் பதிவு செய்து அனுப்பியதாக ஒன்றையும் காணவில்லை என்று 2018-இல் சொன்னார்கள். சில செயலிகள் திரையில் நடப்பதைப் படம்பிடித்து வெளியே அனுப்பியது மட்டும் அகப்பட்டது. ஒட்டுக்கேட்புவாதிகள் இதனால் அசரவில்லை. “அவனுங்களும் காசு வாங்கியிருப்பானுங்க” என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். அவ்வளவு சுருக்கமான மறுப்புரையை இக்கட்டுரையாளர் வேறெங்கும் கண்டதில்லை.

எமது கொள்கை வேறு. விளம்பரம் துரத்துவதை விளக்கச் சைவ சித்தாந்தத்தின் மூவகை வினையே போதும் என்க.

முதலாவது சஞ்சிதம், அதாவது சேர்ந்து கிடக்கும் பழவினை. 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மான்டுலி என்ற பொறியாளர் குக்கீ என்னும் சிறு குறிப்புத்துண்டை உருவாக்கினார். வந்தவர் முன்பே வந்தவரா, கூடையில் எதைப் போட்டார் என்று இணையதளம் நினைவில் வைத்துக்கொள்ள ஒரு வழி, அவ்வளவுதான். அதே ஆண்டு அக்டோபரில் ஹாட்வயர்டு என்ற இணைய இதழில் பேனர் விளம்பரமும் பிறந்தது. பிற்பாடு இரண்டுக்கும் கல்யாணம் ஆனது. நாம் என்றோ நள்ளிரவில் பார்த்த மசாஜ் நாற்காலி உட்பட எல்லாம் அந்தச் சம்பந்தத்தின் கணக்கில் ஏறிக் கிடக்கின்றன.

இரண்டாவது பிராரத்தம், இப்போது அனுபவித்துத் தீர்க்க வேண்டியது. திரையில் நிற்கும் கிரைண்டர் இதுவே.

மூன்றாவது ஆகாமியம், அனுபவிக்கும்போதே புதிதாகச் சேரும் வினை. விளம்பரத்தை மூட அதன் மூலையில் ஒரு பெருக்கல் குறி உண்டு. குறி எள்ளளவு, கட்டைவிரல் உளுந்துவடை அளவு. மூடப் போகிறவர் விளம்பரத்தையே அழுத்திவிடுகிறார், கடை திறக்கிறது, ‘இவருக்கு ஆர்வம் முற்றிவிட்டது’ என்று கணக்கு எழுதப்படுகிறது. வினையறுக்கும் முயற்சியே வினையாவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு மடங்களில்கூடக் கிடைப்பது அரிது.

இங்கே ஒரு தடை எழும். எல்லாம் அறிந்த கணக்குப்பிள்ளைக்கு, ஆள் வாங்கிவிட்டது மட்டும் எப்படித் தெரியாமல் போகும்? விடை: பார்த்தது போனில், வாங்கியது கடைத்தெருவில். மாடலையும் விலையையும் போனில் பார்த்துக்கொண்டு, “ஆன்லைன்ல இதைவிடக் கம்மிண்ணே” என்று அந்தத் திரையையே கடைக்காரரிடம் காட்டி, அவர் முகம் சுளித்து ஐந்நூறு குறைத்து, தேங்காய்த் துருவியையும் சேர்த்துத் தந்து, கார்பன் வைத்த பில்லில் கையால் எழுதிக் கொடுத்தார். அந்த பில்லை எந்தக் குக்கீயும் படிப்பதில்லை. திரையில் வாங்கியிருந்தாலும் பெரிய வேறுபாடில்லை. வாங்கியவர்களைத் துரத்தல் பட்டியலிலிருந்து நீக்கும் வசதி உண்டு. ஒருவர் மெனக்கெட்டு நீக்க வேண்டும். விற்ற கடை நீக்கினாலும், விற்காத மற்றக் கடைகளுக்கு யார் போய்ச் சொல்வது? ஆகவே இத்துறையில் பார்வை மட்டுமே வினை. வாங்குதல் வினைக்கணக்கில் வருவதில்லை என்பது எமது முடிபு.

கொள்கைக்கு ஒரு சங்கடமும் உண்டு, மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். செய்தவனே அனுபவிப்பான் என்பது சித்தாந்தம். இங்கேயோ மூட்டுவலித் தைலம் தேடியவர் பெரியம்மா, தைல விளம்பரம் பார்ப்பவன் கல்லூரிக்குப் போகும் பேரன். ஒரே வைஃபையில் இருப்பவர்களை ஒரே வீட்டார் என்று கணக்கிட்டு வினையைப் பங்கிட்டுவிடுகிறார்கள். கூட்டுக்குடும்பம் குலைந்துவிட்டது என்று வருந்தும் சமூகவியலாளர்கள் இதைக் கவனிக்கலாம்.

வீடுபேறு பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆப்பிளின் சஃபாரி 2020-லேயே பிற தளங்களின் குக்கீகளை அடைத்துவிட்டது. குரோமிலும் அவற்றை ஒழிப்பதாகக் கூகுள் அதே ஆண்டு வாக்களித்து, தவணை மேல் தவணை கேட்டு, 2024-இல் திட்டத்தைக் கைவிட்டது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் ஆன்லைன் வணிகத்தின் 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடுத்தது. அவற்றில் ஒன்று நச்சரித்தல். கிரைண்டர் துரத்துவது அதில் அடங்குமா என்று தீர்ப்பவர்களும் போனில் இதே விளம்பரங்களைத்தான் தள்ளிக்கொண்டிருப்பார்கள்.

இறுதியாக எதிர்த்தரப்பு. கிரைண்டரை ஒருமுறையும் தேடாதவரைவிட, நேற்று வாங்கியவரே இன்னொன்று வாங்க வாய்ப்புள்ளவர் என்று விளம்பரக்காரர்கள் வாதிடக்கூடும். வாங்கியது பிடிக்காமல் திருப்பிக் கொடுக்கலாம், யாருக்காவது பரிசளிக்கலாம். நகைக்கத்தக்க வாதம் என்றே முதலில் எழுத எண்ணினோம். ஆனால் தமிழகத்தில் ஒரு வீட்டார் இரண்டாவது கிரைண்டர் வாங்கும் சந்தர்ப்பம் ஒன்று உறுதியாக உண்டு: பெண்ணுக்குச் சீர் வைக்கும்போது, கட்டிலுக்கும் பீரோவுக்கும் பக்கத்தில். ஆக, விளம்பரம் ஆளைத் தவறவிடவில்லை. காலத்தைத்தான் சற்றே முந்திக்கொண்டது. கட்டுரையாளரின் மகள் இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.