ஆண்மகவுக்குப் பெயரிடுதல்: ணகர நோக்கில் ஒரு மீளாய்வு

தமிழில் ஆய்வுக்கட்டுரை எழுதுகிறவர் முதற்கண் இத்துறையை இதுவரை யாரும் தொடவில்லை என்று சொல்லியாக வேண்டும். அடுத்த பத்தியில், தொட்டவர்கள் எல்லாரும் தப்பாகத் தொட்டார்கள் என்றும் சொல்லியாக வேண்டும். இரண்டையும் ஒரே பத்தியில் முடித்துவிட்டதால் நேராக ஆய்வுக்குள் போகலாம்.

ஆண் குழந்தைக்குப் பெயர் வைக்கும் முறைகளை அறிஞர் பலவாறு பகுப்பர்: தாத்தா பெயர், குலசாமி பெயர், தலைவர் பெயர், எண்கணிதப் பெயர், நட்சத்திர எழுத்துப் பெயர் முதலியன. 'முதலியன' என்று போட்டதும் பகுப்பு முழுமை பெறுகிறது.

குலசாமி பெயர் மொட்டை அடித்துக் காது குத்தும் நாளில் மட்டும் வழங்கும்.

தாத்தா பெயரில் ஒரு நடைமுறைச் சங்கடம் உண்டு. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பது பழைய வழக்கம். அதே பெயரைப் பிள்ளைக்கும் வைத்துவிட்டால், புதுச் சுண்ணாம்புச் சுவரில் கரியால் கிறுக்கிக்கொண்டு நிற்பவனை அவள் எப்படி அதட்டுவாள்? ஆகவே சான்றிதழில் சுப்பிரமணியன், வீட்டில் 'தம்பி'. அடுத்தது பிறந்ததும் அவன் 'சின்னத் தம்பி', இவன் 'பெரிய தம்பி' (பாட்டி, அடுக்களை உரைகள், வெங்காயம் உரிக்கையில்).

தலைவர் பெயருக்கு எடுத்துக்காட்டு எல்லாரும் அறிந்ததே. 1953 மார்ச் 5 அன்று மாஸ்கோவில் ஸ்டாலின் இறந்தார். அதற்கு நான்கு நாள் முன்பு மு. கருணாநிதிக்குப் பிறந்திருந்த மகனுக்கு அந்தப் பெயர் வந்து சேர்ந்தது. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதும், இராமையா அன்பழகன் ஆனதும் வளர்ந்தபின் நடந்தவை. ஆதலால் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. ஆய்வெல்லை எப்போதும் ஆய்வாளருக்குக் களைப்புத் தட்டும் இடத்தில்தான் அமையும்.

எண்கணிதம் என்பது தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதிக் கூட்டிப் பார்க்கும் கலை. கூட்டுத்தொகை ஒத்துவராவிட்டால் நடுவில் ஓர் 'எச்' செருகப்படும். அதை யாரும் உச்சரிப்பதில்லை. ஆனால் ஆதாரில் இருக்கும், பான் அட்டையில் இருக்காது. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும் அன்று அதன் முழுப்பலனும் தெரியவரும்.

இணையத்தில் தேடி எடுக்கும் ரித்விக், தன்விக், சாத்விக் வகையைப் பற்றி ஒரு வரி போதும்: ஆசிரியர் 'விக்' என்று கூப்பிட்டால் பாதி வகுப்பு எழுந்து நிற்கும்.

இனி ணகரத்துக்கு வருவோம். இதுவரை சொன்னதெல்லாம் பக்கம் நிரப்பத்தான்.

நட்சத்திரம் 27. ஒவ்வொன்றுக்கும் பாதம் நான்கு. பாதத்துக்கு ஓர் எழுத்து, ஆக 108. மகத்துக்கு மா, மீ, மூ, மே. மகத்தில் பிறந்தவன் மாதவன் என்றோ மாறன் என்றோ நிம்மதியாக வாழ்ந்துவிட்டுப் போகலாம். அஸ்தத்துக்குப் பூ, ஷ, ண, ட. முதல் பாதத்தான் பூபதி. இரண்டாம் பாதத்தான் ஷண்முகம். மூன்றாம் பாதத்தான்? (நான்காம் பாதத்து 'ட' தனி ஆய்வுக்குரியது; நிதி வந்தால் செய்யப்படும்.)

சொல்லுக்கு முதலில் ணகரம் வரத் தொல்காப்பியர் இடம் தரவில்லை. பவணந்தியாரும் தரவில்லை. திருவாதிரை மூன்றாம் பாதத்து 'ங'வுக்காவது 'ஙனம்' என்ற ஒற்றைச் சொல்லை முன்னிட்டு நன்னூல் மொழிமுதல் வரிசையில் ஓர் ஓரம் ஒதுக்கியது. எனவே அந்தப் பிள்ளைக்கு ஙனம் என்றே பெயரிடலாம். எங்ஙனம் என்று கேட்கக் கூடாது. ணகரத்தானுக்கு அந்தத் திண்ணைகூடக் கிடையாது. சந்திரன் ஒரு பாதத்தைக் கடக்கச் சுமார் 6 மணி நேரம் ஆகும். ஆக, ஏறக்குறைய 27 நாளைக்கு ஒருமுறை, 6 மணி நேரத்துக்கு, நம் பிரசவ வார்டுகளில் இலக்கணப்படி பெயரே வைக்க முடியாத பிள்ளைகள் பிறந்துகொண்டிருக்கிறார்கள். இதைப் பற்றி எந்தப் பல்கலைக்கழகமும் வாய் திறக்கவில்லை.

சோதிடர்கள் 'ண'வைச் சத்தமில்லாமல் 'ந' ஆக்கிவிடுகிறார்கள். நம்மிடையே நடமாடும் நவீன்களில் சிலர் உண்மையில் ணவீன்கள். இந்தச் சமரசத்தை இக்கட்டுரை வன்மையாகக் கண்டிக்கிறது. ஏனெனில் 'ந' பிறக்க நாக்கு நுனி பல்லைத் தொட வேண்டும். 'ண' பிறக்க நாக்கு மடங்கி அண்ணத்தைத் தொட்டால் போதும். பிறந்த குழந்தைக்குப் பல் இல்லை, அண்ணம் உண்டு. ஆகவே தன் பெயரைத் தானே சொல்லும் உடற்கூற்றுத் தகுதி ணடராசனுக்கே உண்டு, நடராசனுக்கு இல்லை என்பது பெறப்படும். 'பெறப்படும்' என்று எழுதிய பிறகு சான்று கேட்பது ஆய்வுலகில் வழக்கமில்லை.

ஆயினும் கள ஆய்வும் செய்யப்பட்டது. பதினோராம் நாள், பழைய பருத்திப் புடவையில் கட்டிய தூளி. பரப்பிய பச்சரிசியில் மோதிரத்தால் பெயரை எழுதி, சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்து, அத்தை குனிந்து காதில் மூன்று முறை சொல்ல வேண்டும். முதல் இரண்டு முறை குழந்தை தூங்கியது. மூன்றாம் முறை 'ணடராசா'வுக்குத் தும்மியது. தும்மல் உடன்பாடா மறுப்பா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு (பெரியத்தை, 'உடன்பாடே', தூளியடி வாய்மொழி, வலது காது, மறுப்பு: சின்னத்தை, மேற்படி தூளி, இடது காது, மறுப்புக்கு மறுப்பு: பெரியத்தை, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, முற்றுப்பெறாதது, இருவரையும் ஒப்புநோக்கி: தாத்தா, செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ஒரு செருமல், பாடபேதங்களுடன்).

பெயர் அமையாதபோது முன்னோர் என்ன செய்தார்கள் என்பதற்குக் குறுந்தொகையில் வழி இருக்கிறது. பாடியவர் பெயர் தெரியாத பாட்டிலிருந்தே ஒரு தொடரை உருவி, செம்புலப்பெயல்நீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் அழைத்தார்கள். அப்படிப் பெயர் வைத்தாயிற்று. அந்தப் புலவர்களின் ஊர், குடி, காலம் பற்றி நம்மவர்கள் அதன்பிறகு எழுதிக் குவித்துவிட்டார்கள். அதே நெறியில் நம் குழந்தையை 'விடியுமுன் வீறிடுவோனார்' எனலாம் என்று பரிந்துரைத்தேன். சின்னத்தை என்னோடு பேசுவதில்லை.

இக்கட்டுரையைப் பன்னாட்டு ஆய்விதழ் ஒன்று அனுப்பிய அன்றே ஏற்றுக்கொண்டது. திருத்தம் எதுவும் சொல்லவில்லை. பணம் கட்ட வேண்டிய வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் சொன்னது.

குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் பெயர்க் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. சட்டம் இதற்கு முகம் சுளிப்பதில்லை. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி பிறப்பைப் பதியத்தான் 21 நாள் கெடு. பெயரை 12 மாதம் வரை கட்டணமின்றிச் சேர்க்கலாம்; தாமதக் கட்டணம் கட்டினால் 15 ஆண்டு வரை பொறுப்பார்கள். பையன் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதும் வயது அது. அதற்குள் இரண்டு அத்தைகளும் ஒத்துப்போய்விடுவார்கள் என்று நாடாளுமன்றம் நம்பியிருக்கிறது. நாடாளுமன்றத்துக்கு எங்கள் அத்தைகளைத் தெரியாது.