இட்லிக் குண்டானும் ஈரப்பத எண்ணும்: தடைவிடைகளுடன் ஓர் ஆய்வு

ஆக்லாந்துக் குளிர்காலத்தில், சுவரில் பதித்த தெர்மோஸ்டாட் ஈரப்பதம் 78 சதவீதம் என்று காட்டினால், கருவி கெட்டுவிட்டது என்று வீட்டார் ஒருமனதாகத் தீர்மானிப்பது வழக்கம். கருவி நிரபராதி, முதல் குற்றவாளி இட்லிக் குண்டான் என்பதே இக்கட்டுரையின் துணிபு. முதலில் கருவியின் வாய்மையைச் சோதிக்க வேண்டும். அதற்கு உப்பே போதும். ஒரு சிறிய மூடியில் உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் சேறாக நிற்கும் அளவு தண்ணீர் தெளித்து, கைக்கடக்கமான ஈரப்பதமானி ஒன்றை உப்பில் படாதபடி கூடவே ஜிப் பையில் அடைத்து ஒரு நாள் விட்டால், எண் 75-க்கு வந்து நிற்க வேண்டும். இப்படித் தேறிய மானியைச் சுவர்க்கருவிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டும் ஒத்துப்போனால் எலெக்ட்ரீஷியனை அழைக்க முகாந்திரம் இல்லை.

இனிச் சான்றுகள். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 17 கிராம் நீராவி தாங்கும். 10 டிகிரியில் 9 கிராம்தான். இரவு ஹாலில் 20 டிகிரி, 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஹீட்டரை அணைத்துப் படுத்தபின் அறை 12 டிகிரிக்கு இறங்கினால், ஒரு சொட்டு நீர்கூடச் சேராமல் எண் 100-ஐத் தொடும்; ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழியும். இதன்மேல் இட்லி ஆவி, ரசக் கொதி, ஹாலில் விரித்த கொடியில் காயும் துணி ஆகியவற்றையும் கூட்டினால் 78 என்பது கருவியின் அடக்கத்தையே காட்டுகிறது.

தடை: வெளியே மழை கொட்டும்போது ஜன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளே வராதா? விடை: 10 டிகிரியில் நனைந்து ஊறிய காற்றிலும் 9 கிராம்தான் நீர். அதையே 20 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் ஏறக்குறைய 53 சதவீதம். ஆக்லாந்து மழைக்காற்று நம் சமையலறையைவிட உலர்ந்தது. தடை: ஹீட் பம்ப்பில் ‘டிரை’ பட்டன் எதற்கு? விடை: அது காற்றைக் குளிர்வித்துத்தான் நீரை இறக்கும், ஏற்கெனவே விறைத்த அறையில் அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. தடை: அப்படியானால் இட்லியை விடுவதா? விடை: சட்டமே அவ்வளவு தூரம் போகவில்லை. 2019-இல் வந்த ‘ஹெல்தி ஹோம்ஸ்’ விதிகள் வாடகை வீட்டுச் சமையலறையிலும் குளியலறையிலும் காற்றை வெளியே தள்ளும் விசிறியையும், ஹாலை 18 டிகிரிக்குச் சூடாக்கும் ஹீட்டரையும் கேட்கின்றன. உணவு முறையில் தலையிடவில்லை. ஆகவே பழுதுபார்க்கும் வரிசை இதுவே: முதலில் உப்பு, அடுத்து விசிறி, பிறகு ஜன்னல், கடைசியில் எலெக்ட்ரீஷியன். அவர் வந்தால் இட்லி கொடுக்கலாம். விசிறியைப் போட்டுவிட்டு அவிக்க வேண்டும்.